பட்டம் ஓரிடம், பயிற்சி ஓரிடம்: இந்தியக் கணிப்பொறிக் கல்வியின் கதை

சென்ற மாதம் என் சித்தி மகன் ஹைதராபாத் வந்து சேர்ந்தான். தமிழ்நாட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் பயின்று முதல் வகுப்பில் தேறியவன். வேலையில் சேர வரவில்லை. வேலை தேடுவதற்கு இன்றியமையாதது எனப் பிறர் சொல்லிய மூன்று மாதப் பயிற்சி ஒன்றில் சேர வந்திருந்தான். அமீர்பேட்டில் அவனுக்கு விடுதி பார்த்துக் கொடுத்துவிட்டு, மைத்ரிவனம் வளாகத்தின் முன் நின்றுகொண்டிருந்தோம். கட்டடங்களின் முகத்தையே மறைத்துத் தொங்கிய பதாகைகளில் ஜாவா, பைத்தான், டெஸ்டிங் என ஒவ்வொன்றின்கீழும் ஆசிரியர் பெயரும் வகுப்பு தொடங்கும் நாளும் எழுதப்பட்டிருந்தன. அவற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்: "அப்போ நாலு வருஷம் காலேஜ்ல நான் என்னதான்க்கா படிச்சேன்?"

பாடத்திட்டம் பழையது, ஆசிரியர்களுக்குத் தொழில் அனுபவம் இல்லை என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லி வைத்தேன். அந்த மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. மொழியியல் பயின்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வடிவம் ஏன் இப்படி இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவோம். அத்தேடலில் விளைந்ததே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் வந்தடைந்த முடிவை முன்னரே சொல்லிவிடுகிறேன். பட்டம் ஓரிடத்திலும் கைத்திறன் வேறோரிடத்திலும் கிடைக்கும் ஏற்பாடு கணிப்பொறியோடு வந்ததன்று. நம் பல்கலைக்கழகங்கள் பிறந்தபோதே உடன்பிறந்தது. கணிப்பொறி இந்நாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு சில இடங்களில் மட்டும், அந்தப் பிளவு சிறிது காலம் மூடியிருந்தது. துறை விரிந்தபோது மீண்டும் திறந்துகொண்டது.

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது அவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தது அன்றைய லண்டன் பல்கலைக்கழகம். கல்லூரிகளில் பயின்று வந்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டமளிப்பதே அதன் பணி, கற்பிப்பது அன்று. நம் பல்கலைக்கழகங்களும் அவ்வாறே தேர்வு அவைகளாகத் தொடங்கின. பாடத்திட்டம் வகுப்பவர் ஒருவர், கற்பிப்பவர் மற்றொருவர், வினாத்தாள் அமைப்பவர் மூன்றாமவர், விடைத்தாள் திருத்துபவர் நான்காமவர். இந்நால்வரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதே நடுநிலைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இத்தகைய ஏற்பாட்டுக்குள் எவ்வகை அறிவு நுழைய இயலும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் தாளில் எழுதிக் காட்டக்கூடியது நுழையும். கை பழகப் பழக மட்டுமே வரக்கூடியது வாசலிலேயே நின்றுவிடும். லண்டன் பல்கலைக்கழகம் 1900ஆம் ஆண்டளவில் கற்பிக்கும் நிறுவனமாகவும் தன்னைத் திருத்தியமைத்துக்கொண்டது. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் இங்கும் அதற்கு இடம் தந்தது. ஆயினும் இணைப்புக் கல்லூரி முறை நம்மைவிட்டு நீங்கவில்லை.

வேறு வழி அக்காலத்தில் தெரியாமலும் இல்லை. ரூர்க்கியில் 1847-இல் பொறியியல் கல்லூரி தோன்றியது கங்கைக் கால்வாய்ப் பணிக்கு ஆள் வேண்டியிருந்ததால். சென்னையில் 1794-இல் நில அளவைப் பள்ளி தோன்றியது நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்ததால். அங்கெல்லாம் வேலைக்கு எடுப்பவரும் பள்ளி நடத்துபவரும் ஒருவரே, அதாவது அரசு. ஆகவே கற்றுக்கொடுத்தது வேலைக்கு உதவுகிறதா என்னும் கேள்வி நெடுநாள் விடையின்றி நிற்க வழியில்லை.

கலை, அறிவியல் பட்டதாரிகளின் நிலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பி.ஏ. முடித்தவர் மாலை வேளையில் தட்டச்சு நிலையத்துக்குப் போனார். லோயர், ஹையர், பிறகு சுருக்கெழுத்து. பம்பாயிலும் டெல்லியிலும் கல்கத்தாவிலும் தமிழர்கள் அலுவலகம் புகுந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். என் தாத்தா பொருளியல் பட்டதாரி. பம்பாயில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது, நிமிடத்துக்கு எத்தனை சொல் அடிப்பார் என்பதை வைத்து. பொருளியலில் தம்மை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று கடைசிவரை சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார். பட்டம் விண்ணப்பிக்கும் உரிமையைத் தந்தது. தட்டச்சு வேலையைத் தந்தது. இரண்டுக்கும் தனித்தனியே கட்டணம். அமீர்பேட்டின் மூதாதையர் யாரென்று கேட்டால் நான் அந்தத் தட்டச்சு நிலையங்களையே காட்டுவேன்.

இனி கணிப்பொறி. இந்தியாவுக்கு முதல் மின்னணுக் கணிப்பொறி வந்தது 1955-இல், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு. பிரிட்டனில் செய்யப்பட்ட ஹெச்.ஈ.சி. 2எம் என்னும் எந்திரம் அது. ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான இளைஞர் குழு ஒன்று தானே ஓர் எந்திரத்தைக் கட்டத் தொடங்கியிருந்தது. 1960-இல் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962-இல் ஜவகர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். அக்குழுவில் பெரும்பாலோர் அதற்குமுன் ஒரு கணிப்பொறியைக் கண்ணால் கண்டதில்லை. இயற்பியலும் மின்னணுவியலும் பயின்று வந்தவர்கள். கணிப்பொறியியலில் பட்டம் என ஒன்று அப்போது இந்தியாவில் எங்கும் இல்லை. ஆகவே பட்டம் கற்பிக்கிறதா என்னும் வினாவுக்கே அங்கு இடமில்லை. செய்துகொண்டே கற்றார்கள், கற்றதைக் கொண்டு மேலும் செய்தார்கள்.

இவ்விடத்தில் சிறிது விலகிச் செல்ல அனுமதி வேண்டும். சென்னையில் பிறந்த இந்த நரசிம்மன் பிற்காலத்தில் மொழி நடத்தை பற்றியும், வாய்மொழி மரபுக்கும் எழுத்து மரபுக்கும் உள்ள வேறுபாடு பற்றியும் நூல்கள் எழுதினார். படங்களை எந்திரம் இனங்காண்பதற்கு இலக்கணம் போன்ற விதிகளைப் பயன்படுத்தலாம் என்று 1960களிலேயே காட்டியவர்களுள் அவரும் ஒருவர். மொழியியல் துறைகளில் அவர் பெயரை மாணவர்கள் அரிதாகவே கேள்விப்படுகிறார்கள். நான் முதுகலை பயின்ற இரண்டாண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எந்திரம் கட்டிய கை மொழியைப் பற்றியும் எழுதியது என்னும் செய்தி, துறைகளுக்கிடையே சுவர் எழுப்பி வைத்திருக்கும் நமக்குப் பயன்படாமல் போயிருக்கலாம்.

பிளவு மூடியிருந்த இடம் என்று நான் முதலில் சொன்னது கான்பூரை மனத்தில் வைத்து. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு அமெரிக்காவின் ஒன்பது பல்கலைக்கழகங்கள் கூட்டாக உதவிவந்தன. 1962 முதல் 1972 வரை நீடித்தது அத்திட்டம். அதன் பயனாக 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி அங்கு வந்திறங்கியது. ஹெச்.கே. கேசவன் கணிப்பொறி மையத்துக்குப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் ஆசிரியராகச் சேர்ந்தவர் வி. ராஜாராமன். ஈரோட்டில் பிறந்து டெல்லியில் தமிழர் நடத்திய பள்ளியில் பயின்று, விஸ்கான்சினில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்தவர். இவர்களும் இவர்களின் தோழர்களும் செய்த ஒரு காரியம், இன்றுள்ள நிலையில் நின்று பார்க்கும்போது வியப்பளிக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அறிவியலாளர்களையும் பொறியாளர்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் வரவழைத்துப் பத்து நாள் செறிவுப் பயிற்சி நடத்தினார்கள். ஃபோர்ட்ரான் மொழி, எண்முறைக் கணிதம், பிறகு எந்திரத்தில் தாமே நிரலை ஓட்டிப் பார்த்தல். வந்தவர் தம் ஆய்விலிருந்தே ஒரு கணக்கைக் கொண்டுவரலாம். துளையட்டையில் ஒரு காற்புள்ளி தவறினால் என்ன ஆகும் என்பதை அவர் அன்று மாலையே அறிந்துகொண்டார்.

அந்த வகுப்புகளுக்கென எழுதப்பட்ட குறிப்புகள் 1969-இல் நிரலாக்கக் கோட்பாடுகள் பற்றிய புத்தகமாக வெளிவந்தன. ராஜாராமன் புத்தகத்தின் விலையைக் குறைத்து வைக்கச் செய்தார். பின்னர் வந்த அவருடைய நூல்களும் மாணவர் வாங்கக்கூடிய விலையிலேயே இருந்தன. இந்தியாவில் இரண்டு, மூன்று தலைமுறை மாணவர்கள் நிரல் எழுதக் கற்றது அந்நூல்களிலிருந்து. 1966-இல் ஐ.பி.எம். 7044 என்னும் பெரிய எந்திரம் வந்தது. பிற்காலத்தில் இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி 1969-இல் எம்.டெக். முடித்தது அங்கே. கணிப்பொறி அறிவியலில் இளநிலைப் பட்டப்படிப்பே அங்கு 1978-இல்தான் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது பதினைந்து ஆண்டுகள் கற்பித்தலும் பயன்பாடும் முன்னே சென்றன. பட்டம் பின்னே வந்தது.

அங்கு பிளவு மூடியிருந்ததற்குக் காரணம் அமெரிக்கப் பணமா, மேதைகளா என்று கேட்கலாம். இரண்டும் இருந்தன. ஆனால் எனக்கு முதன்மையாகப் படுவது வேறு. கற்பித்தவரே வினாத்தாளை அமைத்தார். வினாத்தாளை அமைத்தவரே அதே எந்திரத்தில் தம் ஆய்வுக்கான நிரலையும் ஓட்டினார். மாணவரும் அவரும் ஒரே அறையில் ஒரே எந்திரத்துக்காகக் காத்திருந்தார்கள். 1857-இல் நாம் நான்காகப் பிரித்து வைத்த ஆள் இங்கே மீண்டும் ஓர் ஆளாக நின்றார்.

பின் ஏன் இது பரவவில்லை? பரப்ப முயன்றார்கள். அன்னியச் செலாவணிச் சட்டம் தொடர்பான பிணக்கில் ஐ.பி.எம். 1978-இல் இந்தியாவைவிட்டு வெளியேறியது. உள்நாட்டு நிறுவனங்கள் தலையெடுத்தன, ஆட்கள் தேவைப்பட்டார்கள். மின்னணு ஆணையம் அமைத்த மனிதவளக் குழு ஒன்று ராஜாராமன் தலைமையில் கூடி, 1980களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. என்னும் புதிய பட்டத்தைப் பரிந்துரைத்தது. பொறியியல் படிக்காதவர்களும், எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் கணிப்பொறித் தொழிலுக்குள் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். மூன்றாண்டுப் படிப்பு, கடைசி ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் நேரடியாகச் செயல்திட்டப் பணி. காகிதத்தில் பார்த்தால் இந்தியாவில் வகுக்கப்பட்ட படிப்புகளில் மிக நேர்த்தியானவற்றுள் ஒன்று என்பேன். இருநூறு மைல் சுற்றளவில் ஒரு மென்பொருள் நிறுவனம்கூட இல்லாத ஊரில் அந்த ஆறு மாதம் என்ன ஆனது என்பதை, தொண்ணூறுகளிலும் அதன் பின்னும் எம்.சி.ஏ. படித்த யாரையேனும் கேட்டுப் பாருங்கள். செயல்திட்ட அறிக்கையை அச்சிட்டு, பொன்னிற எழுத்து பொறித்துக் கட்டுமானம் செய்து தரும் கடைகள் கல்லூரி வாசல்தோறும் முளைத்தன.

1984 நவம்பரில் புதிய கணிப்பொறிக் கொள்கை வந்து இறக்குமதி எளிதாயிற்று. எண்பதுகள் தொடங்கி மகாராட்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகின. பெருகியவற்றை ஒழுங்குபடுத்த மாநிலங்கள் எடுத்த வழிதான் வரலாற்று மாணவரைத் திகைக்க வைக்கிறது. கர்நாடகம் 1998-இல் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை நிறுவி மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளை அதனோடு இணைத்தது. 1978-இல் ஒருமைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகம் 2001-இல் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமாக மாற்றப்பட்டது. லண்டன் நூறாண்டுக்கு முன்பே திருத்திக்கொள்ளத் தொடங்கிய முறையை, தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பதற்காக நாம் புதிதாக நிறுவினோம். தரம் காக்க அதைவிட வேறு வழி அப்போது இல்லை என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் வலு உண்டு. வாரத்துக்கொரு கல்லூரி திறக்கும் சூழலில் பொதுத் தேர்வு ஒன்றுதான் கையிலிருந்த அளவுகோல். ஆனால் அந்த அளவுகோலால் அளக்க முடியாதது எதுவோ அது வகுப்பறையிலிருந்து மெல்ல வெளியேறியது.

இதற்கு என்னிடம் உள்ள சிறந்த சான்று டர்போ சி. போர்லாண்ட் நிறுவனம் டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்ட நிரல்மொழிபெயர்ப்பி அது. டர்போ சி++ என்னும் அதன் மூன்றாம் பதிப்பு 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. நீலத்திரை. அந்தத் திரையை அறியாத இந்தியப் பொறியியல் மாணவர் ஒரு தலைமுறைக்கு முன்புவரை இல்லை. சி++ மொழிக்கு உலகத்தரம் முதன்முதலில் 1998-இல் வகுக்கப்பட்டது. அதன்பின் அம்மொழியின் எழுத்து வழக்கே மாறிவிட்டது. தலைப்புக் கோப்புகளின் பெயர்கள் மாறின, மெயின் என்னும் முதன்மைச் செயற்கூறு ஒரு முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்பது உறுதியாயிற்று. இந்தியக் கல்லூரிகளிலோ 2010களிலும் மாணவர்கள் "வாய்ட் மெயின்" என்றே எழுதினார்கள். "கோனியோ டாட் ஹெச்" கோப்பை அழைத்தார்கள். "கிளியர் ஸ்க்ரீன்" கட்டளையிட்டுத் திரையைத் துடைத்தார்கள். புதிய விண்டோஸில் டர்போ சி ஓட மறுத்தபோது, பழைய டாஸ் சூழலைப் போலி செய்யும் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளுக்குள் அதை வைத்து ஓட்டினார்கள். பழுதான கடிகாரத்தைத் திருத்தாமல், ஊரின் நேரத்தையே அதற்கேற்ப மாற்றியமைத்தது போல.

மொழியியலாளருக்கு இது பழகிய காட்சி. தாய்நிலத்திலிருந்து பிரிந்து சென்ற குழு ஒன்று, தாய்நிலத்தில் வழக்கொழிந்த வடிவங்களைத் தன் கிளைமொழியில் பேணிக்காப்பது உண்டு. இந்திய வகுப்பறை சி++ என்பது அத்தகைய ஒரு கிளைமொழி. அதைப் பேணியவை மூன்று: வினாத்தாள், பதிவேடு, புறத்தேர்வாளர். ரெக்கார்டு நோட்டு என்று நாம் சொல்லும் அந்தப் பதிவேட்டில் நிரலைப் பேனாவால் எழுத வேண்டும். வலப்பக்கம் நிரல், இடப்பக்கம் வெளியீடு. வெளியீடு எந்திரம் தந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேடு தந்ததாகவும் இருக்கலாம். செய்முறைத் தேர்வு நாளில் வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருவார். குலுக்கலில் வந்த நிரலை மனப்பாடத்திலிருந்து தட்டி ஓட்டிக் காட்டினால் போதும். தேர்வாளருக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பொதுவாகத் தெரிந்த வழக்கு டர்போ சி வழக்கு ஒன்றுதான். ஒருவர் மட்டும் மாற்றினால் மற்ற இருவரோடு உரையாடல் அறுந்துவிடும். எனவே யாரும் மாற்றவில்லை. இதில் எந்த ஒருவரையும் சோம்பேறி என்று நான் பழிக்க மாட்டேன்.

கல்லூரி கைவிட்ட இடத்தை நிரப்பியது பயிற்சி நிலையம். டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற ராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் 1981-இல் என்.ஐ.ஐ.டி.யைத் தொடங்கினார்கள், 1986-இல் ஆப்டெக் வந்தது. தொண்ணூறுகளில் சிறுநகரக் கடைத்தெருவிலும் குளிரூட்டப்பட்ட கண்ணாடி அறைகள் தோன்றின. பகலில் கல்லூரி, மாலையில் நிலையம். தாத்தா காலத்து ஏற்பாடு, எந்திரம் மட்டும் வேறு. அரசும் இதை அறிந்தே இருந்தது. 1990-இல் மின்னணுத் துறையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சேர்ந்து, முறைசாரா நிலையங்களில் பயில்வோருக்கென டோயக் என்னும் தேர்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தன. ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள். பி நிலை எம்.சி.ஏ.க்கு இணையாக வைத்து வகுக்கப்பட்டது. நிலையங்களின் கட்டுப்பாடற்ற வளர்ச்சியை நெறிப்படுத்த அரசுக்குத் தோன்றிய கருவியும் ஒரு பொதுத் தேர்வாகவே இருந்ததை எண்ணி நான் சிரித்ததுண்டு. நெடுநாள் பழக்கம் எளிதில் விடுவதில்லை.

அமீர்பேட் இந்த வரலாற்றின் உச்சம். 2000ஆம் ஆண்டுச் சிக்கலையொட்டி அமெரிக்காவில் நிரலாளர் தேவை பெருகியபோது, கோதாவரி, கிருஷ்ணா மாவட்டங்களிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் இளைஞர்கள் இங்கு வந்து குவிந்தார்கள். சியாங் பியாவோ என்னும் மானுடவியலாளர் அக்காலத்தில் ஹைதராபாத்திலும் சிட்னியிலும் களப்பணி செய்து எழுதிய நூல் 2007-இல் வெளிவந்தது. ஒரு நிரலாளரை உருவாக்கும் செலவு எங்கிருந்து வந்தது என்று அவர் பின்தொடர்ந்து சென்றார். வளமான கடலோர ஆந்திரத்தின் வேளாண் உபரியும் வரதட்சணையும் அவர் கண்ட ஊற்றுகள். அண்ணன் பயிற்சி பெற்று வெளிநாடு செல்ல, அண்ணி வீட்டு நிலம் விற்கப்பட்டது. கல்லூரி செய்முறையைக் கற்றுக்கொடுக்கிறதா என்னும் கேள்வியைப் பாடத்திட்டக் குழுவில் மட்டும் வைத்துப் பேசுவோர் இந்தச் செலவுக் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கல்லூரி கொடுக்காததை யாரோ ஒருவர் விலைக்கு வாங்குகிறார். விலை கொடுக்க நிலமோ நகையோ இல்லாதவர் வாங்காமலே இருந்துவிடுகிறார். என் முதுகலை வகுப்புத் தோழியர் இருவர் அவ்வாறே நின்றுபோனார்கள்.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. விப்ரோ 1995-இல் பிலானி பிட்ஸ் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கு வேலையோடு முதுநிலைப் படிப்பையும் தரத் தொடங்கியது. டி.சி.எஸ். திருவனந்தபுரத்திலும் இன்ஃபோசிஸ் மைசூரிலும் பெரும் பயிற்சி வளாகங்களை எழுப்பின. மைசூரில் ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கிப் பயிலலாம். 2005-இல் நாஸ்காமும் மெக்கின்சியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, தொழில்நுட்பப் பட்டதாரிகளில் 25 விழுக்காட்டினரே இத்துறையில் நேரடியாகப் பணிக்குத் தகுதியானவர்கள் என்றது. அந்த எண் அதன்பின் ஓயாமல் மேற்கோள் காட்டப்பட்டுவருகிறது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. தகுதி எது என்பதை வரையறுத்தவர் வேலை கொடுப்பவர். தமக்கு வேண்டியவாறு ஆள் வரவில்லை என்று அவர் சொல்வது, பயிற்சிச் செலவைப் பொதுப்பணத்தின்மேலும் மாணவரின் தலைமேலும் சுமத்துவதற்கான பேரமாகவும் இருக்கலாம். ஆனால் பேரமாக இருப்பதாலேயே அது பொய்யாகிவிடுவதும் இல்லை.

இதுவரை சொன்னதை வைத்து, கல்லூரியை மூடிவிட்டு அமீர்பேட்டைத் திறந்து வைத்தால் போதும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். 1999-இல் இங்கு மிகுந்த கூட்டத்தை ஈர்த்த வகுப்புகளுள் கோபாலும் மெயின்ஃபிரேமும் அடங்கும். 2001-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தபோது அவற்றை மட்டும் கற்றவர்கள் விடுதி வாடகைக்குத் தவித்தார்கள். நிலையம் சொற்றொடர்க் கையேட்டைத் தருகிறது. அந்த ஊருக்குப் போனால் உதவும், அடுத்த ஊரில் உதவாது. பட்டம் இலக்கணத்தைத் தருகிறது. அது எந்த ஊர் மொழிக்குரியது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறது.

மறதி என்று நான் சொல்வதை என் அனுபவத்தைக் கொண்டே விளக்குகிறேன். முதுகலையில் எங்களுக்குக் கணினி மொழியியல் என்று ஒரு தாள் இருந்தது. முடிவுறு தானியங்கி என்பதை வரைபடத்தோடு விளக்குக, பதினைந்து மதிப்பெண். வட்டங்களும் அம்புகளும் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். அத்தாளுக்குச் செய்முறை வகுப்பு இல்லை. ஆய்வகத்தில் இருந்த கணினிகள் கருத்தரங்க அழைப்பிதழ் அச்சிடப் பயன்பட்டன. முனைவர் ஆய்வுக்கு வந்தபின், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருந்த பழைய களப்பணிப் பதிவுகள் என் கைக்கு வந்தன. ஏறத்தாழ ஆயிரம் பக்கம். திறந்தால் திரையில் குறியும் கோடுமாகத் தெரியும். கையால் திருத்தினால் ஓராண்டு போய்விடும் என்று அஞ்சியிருந்தபோது, விடுதியில் பக்கத்து அறையிலிருந்த புள்ளியியல் மாணவி ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் தேடுமுறையைப் பைத்தானில் காட்டிக் கொடுத்தாள். இரண்டு வாரம் திணறினேன். மூன்றாம் வாரம் ஒரு மாலையில்தான் எனக்கு உறைத்தது, நான் தட்டிக்கொண்டிருப்பது அந்தப் பதினைந்து மதிப்பெண் வட்டங்களும் அம்புகளும் என்று. ஸ்டீபன் கிளீனி 1956-இல் நிறுவிய தேற்றம் அது; இரண்டும் ஒன்றே. எனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, ஆனால் தெரியும் என்பது தெரியாது. அன்றிரவு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியோடு சிறிது ஆத்திரமும் கலந்திருந்ததை மறைக்க விரும்பவில்லை. தாளை எழுதிய அதே வாரத்தில் ஒரு பிற்பகல் எந்திரத்தின் முன் என்னை உட்கார வைத்திருந்தால் போதும்.

கான்பூர்ப் பத்து நாள் வகுப்பில் இருந்தது அந்தப் பிற்பகல். எண்முறைக் கணிதமும் துளையட்டையும் ஒரே நாளில், ஒரே ஆசிரியரிடமிருந்து. பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நாம் தாள்களின் பெயர்களை மாற்றுகிறோம். டர்போ சி போய்ப் பைத்தான் வந்தது. தரவு அறிவியல் வந்தது. செயற்கை நுண்ணறிவு வந்தது. பைத்தான் நிரலையும் பதிவேட்டில் பேனாவால் எழுதும் கல்லூரிகள் இன்றும் உள்ளன. பைத்தானில் வரிமுன் இடைவெளிக்குப் பொருள் உண்டு. கோடிட்ட தாளில் அதை எப்படித் திருத்துவது என்று ஓர் ஆசிரிய நண்பர் என்னிடமே கேட்டார். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

அண்மை முயற்சிகளை விரிவாகப் பேச இது இடமன்று. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கிறது. மாணவர் பார்த்துக்கொண்டே தாமும் செய்துபார்க்க வேண்டும் என்பது அதன் முறை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2022-இல் நான் முதல்வன் திட்டத்தின்வழி திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது. பயிற்சி நிலையத்தைக் கல்லூரிக்குள் குடியேற்றும் இம்முயற்சிகளில் மாணவர் இரண்டாம் கட்டணம் கட்டாமல் தப்புகிறார் என்பது சிறிய நன்மையன்று. இவற்றைப் பற்றி நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு, தாம் கற்பித்ததைத் தாமே மதிப்பிடும் உரிமை அங்கு இருக்கிறதா?

சித்தி மகனிடம் திரும்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவனை என் அறைக்கு வரச் சொல்லியிருந்தேன். வரும்போது கல்லூரிப் பதிவேட்டையும் எடுத்து வரச் சொன்னேன். பழுப்பு உறை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒப்பமிட்ட பதிவேடு. முதல் நிரலை என் மடிக்கணினியில் உள்ள ஜி.சி.சி.யில் தட்டினான். முதல் வரியிலேயே பிழை. "ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்" என்று ஒரு கோப்பே இல்லை என்றது. அவன் முகம் வாடியது. டாட் ஹெச்சை நீக்கினான், அடுத்த பிழை. வாய்ட் மெயினை மாற்றினான், அதற்கடுத்தது. ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டு, தேடிப் படித்து, மாற்றி ஓட்ட முதல் நிரலுக்கு முக்கால் மணி நேரமாயிற்று. நான்காவது நிரலுக்குப் பத்து நிமிடம். வரிசையாக்கம் பற்றிய ஏழாவது நிரலில், பதிவேட்டில் ஒப்பம் பெற்றிருந்த வெளியீடு அந்த நிரல் தரக்கூடியதே அன்று என்பதை அவனே கண்டுபிடித்தான். யாருடைய பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதினான் என்று நான் கேட்கவில்லை. இரவு பத்தரை மணிக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் புறப்பட்டபோது ஒன்பது நிரல்கள் முடிந்திருந்தன. பதிவேட்டில் இன்னும் பதினொன்று உள்ளன. அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.